உப்பை மறுத்த திருடன்

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் வீடுகளில் பாட்டிமார் வாயிலிருந்து நாம் கேட்டு வளர்ந்த மொழி. ஒருவர் வீட்டு உப்பைத் தின்றபின் அவருக்குத் தீங்கு நினைப்பது மனிதத் தன்மையாகாது என்பது அதன் கருத்து. அரபு நாட்டாரிடமும் இதே எண்ணம் வேரூன்றி நிற்கிறது. ரொட்டியும் உப்பும் சேர்ந்து உண்டவர்கள் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர்கள் என்பது அவர்கள் வழக்கு.

இந்த வழக்கத்தை மதித்ததனாலேயே உயிரிழந்த ஒரு திருடன் உண்டு. நாற்பது பேர் கொண்ட கொள்ளைக் கூட்டத்தின் தலைவன் அவன். பழிவாங்கும் நோக்குடன், வணிகன் வேடத்தில் ஒரு வீட்டுக்கு விருந்தினனாக வருகிறான். விருந்தளிப்பவனைக் கொல்ல வந்தவன், "என் உணவில் உப்பு வேண்டாம்" என்று கேட்டுக்கொள்கிறான். கொலைக்கு அஞ்சாதவன் உப்புக்கு அஞ்சுகிறான்! உப்பில்லா உணவு கேட்கும் இந்த விருந்தாளி யார் என்று சமையலறையிலிருந்த பணிப்பெண்ணுக்கு ஐயம் எழுகிறது. அந்த ஐயமே அவனுக்கு முடிவாகிறது.

அலிபாபா கதையைத்தான் குறிப்பிடுகிறோம் என்பதை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். நாம் எல்லோரும் அறிந்த கதைதான். ஆயினும் இதைப் பழிவாங்கத் துடிக்கும் ஒரு திருடனின் கதையாக, அதிலும் ஒரு நகைச்சுவைக் கதையாக நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. அவ்வாறு எண்ணிப் பார்த்து, 1961ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஒரு மலாய்த் திரைப்படமாக ஆக்கியவர் பி. ரம்லி. அப்படத்தின் பெயர் 'அலிபாபா பூஜாங் லாபோக்'. அந்தப் படத்தையும், அதன் பின்னே நீண்டு கிடக்கும் வரலாற்றையும் ஒரு சேர நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வில்லனுக்கு வந்த சிரிப்பு

'பூஜாங் லாபோக்' என்றால் மணமாகாமலே வயது முதிர்ந்துபோன ஆண்கள் என்று பொருள் கொள்ளலாம். 1957இல் இப்பெயரில் ரம்லி இயக்கிய படத்தில் ரம்லி, அஜீஸ் சத்தார், எஸ். சம்சுத்தீன் ஆகிய மூவரும் இணைபிரியாத் தோழர்களாக நடித்தனர். கையில் காசில்லாத அம்மூவரின் வறுமையும் வாய்ச்சொல்லும் மலாயா மக்களைக் குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைத்தன. 1959இல் வந்த அடுத்த படமான 'பெண்டேகார் பூஜாங் லாபோக்' ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நகைச்சுவைப் படமெனப் பரிசு பெற்றது. 1961இல் வந்ததே அலிபாபாப் படம்.

முன்னைய படங்களில் ஒரே பக்கம் நின்ற மூவரையும் இப்படத்தில் ரம்லி பிரித்து வைத்தார். அலிபாபா வேடத்தை அஜீஸ் சத்தாருக்கும், அவன் பேராசைக்கார அண்ணன் காசிமின் வேடத்தைச் சம்சுத்தீனுக்கும் கொடுத்தார். மர்ஜினாவாக நடித்தவர் சரிமா. படத்தின் இயக்குநரும், நாடறிந்த பாடகரும், கதாநாயக நடிகருமான ரம்லி தமக்கென எடுத்துக்கொண்டதோ திருடர் தலைவனின் வேடம்!

இத்தேர்வில் ஒரு நுட்பம் உண்டு. இக்கதையைப் படமாக்கிய பலரும் நகைச்சுவையை வேறெங்கோ வைத்தார்கள். 1942இல் கெய்ரோவில் தோகோ மிஸ்ராஹி இயக்கிய அரபுப் படத்தில் சிரிப்பு அலிபாபாவிடமே இருந்தது. எகிப்தின் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் அலீ அல்கஸ்ஸார் அவ்வேடத்தைத் தாங்கினார். தமிழிலும் 1941இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் படம். 1956இல் சேலம் மாடர்ன் தியேட்டர்சார் அதே பெயரில் எடுத்த படத்தில் எம். ஜி. ஆர். வீரக் கதாநாயகனானார், நகைச்சுவை கே. ஏ. தங்கவேலுவிடம் சென்றது, திருடர் தலைவன் பி. எஸ். வீரப்பாவின் சிரிப்போ, நகைக்க அன்று, நடுங்க வைக்க எழுந்த சிரிப்பு. ரம்லி ஒருவரே பழிவாங்க வருபவனைச் சிரிப்பின் நடுவில் நிறுத்தினார். கதையை ஆழ்ந்து நோக்கினால் இதுவே அதன் இயல்புக்கு நெருக்கமானது என்பது விளங்கும்.

திருடனுக்குத் தேள் கொட்டினால்

கதையின் முதற்பாதியில் அலிபாபா குகையைக் காண்கிறான், பொன்னை எடுக்கிறான். பலரும் நினைவில் வைத்திருப்பது இவ்வளவே. ஆனால் கதையின் பெரும்பகுதி அதற்குப் பின்னரே தொடங்குகிறது. திருடர்கள் குகைக்குத் திரும்புகிறார்கள். தங்கள் பொருளை யாரோ களவாடியிருப்பதைக் காண்கிறார்கள். பொங்கி எழுகிறார்கள்!

ஊராரின் உடைமைகளை எல்லாம் வாரிக்கொண்டு வந்து குவித்தவர்களுக்கு, அதிலிருந்து சில மூட்டைகள் குறைந்ததும் நீதி உணர்வு பிறக்கிறது. காஜியாரிடம் சென்று முறையிட முடியுமா? முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல வாய்விட்டு அலறவும் வழியில்லை. ஆகவே தாங்களே வழக்குத் தொடுத்து, தாங்களே தீர்ப்பும் அளித்துக்கொள்கிறார்கள்: எடுத்தவனைக் கண்டுபிடித்துக் கொல்ல வேண்டும். பழிவாங்கும் படலம் இவ்வாறே தொடங்குகிறது.

இனி அந்தப் பழியின் கதி என்னவாயிற்று என்று பார்ப்போம். நாற்பது பேர், குதிரைகள், வாள்கள், மலைக்குகை, மந்திரச் சொல் ஆகிய அனைத்தும் ஒரு பக்கம். மறுபக்கம் இருந்தவை என்ன? அடுக்களைச் சாமான்கள்.

முதலில் எள். குகையைத் திறக்கும் சொல் 'சீசேம்' என்று நாம் பிள்ளைப் பருவத்தில் கூவித் திரிந்தோமல்லவா? அது எள்ளைக் குறிக்கும் சொல். அந்த ஒரு தானியத்தின் பெயரை மறந்த காசிம், பார்லி முதலிய வேறு தானியங்களின் பெயர்களைச் சொல்லிச் சொல்லி அலுத்து, உள்ளேயே மாட்டிக்கொண்டு வெட்டுப்படுகிறான்.

அடுத்தது கொழுப்பு. அலிபாபாவின் மனைவி பொன்னை அளக்கப் படி கேட்டபோது, காசிமின் மனைவி அப்படியின் அடியில் கொழுப்பைத் தடவிக் கொடுத்தாள். ஒட்டிவந்த ஒரு பொற்காசு இரகசியத்தை வெளியாக்கியது. காசிமின் பேராசைக்கு வித்திட்டது அதுவே.

மூன்றாவது சுண்ணக்கட்டி. துண்டாடப்பட்ட காசிமின் உடலை இரவோடிரவாகத் தைத்துக் கொடுத்த கிழச் செருப்புத் தொழிலாளி ஒருவன் உண்டு. கண்ணைக் கட்டி அழைத்துச் செல்லப்பட்ட அவன், பின்னர் ஒரு திருடனுக்காக மீண்டும் கண்ணைக் கட்டிக்கொண்டு, அடி அடியாக நடந்து வீட்டைக் காட்டிக் கொடுக்கிறான். திருடன் கதவில் வெள்ளைக் குறி இடுகிறான். அதைக் கண்ட மர்ஜானா அக்கம்பக்கத்துக் கதவுகளிலும் அதே குறியை இட்டுவிடுகிறாள். நாற்பது வாள்களோடு வந்தவர்கள், எந்தக் கதவு என்று தெரியாமல் தெருவில் விழித்து நிற்கிறார்கள். அடுத்தவன் சிவப்புக் குறி இடுகிறான். அதற்கும் அதே கதி. பிழைத்த இருவரையும் அவர்கள் கூட்டத்தாரே வெட்டி வீழ்த்துகிறார்கள். அலிபாபாவின் விரல்கூட அசையாமலே பகைவர் எண்ணிக்கையில் இரண்டு குறைகிறது!

நான்காவது எண்ணெய். தலைவனே எண்ணெய் வணிகனாக வருகிறான். பத்தொன்பது கோவேறு கழுதைகள், முப்பத்தெட்டுத் தோல் ஜாடிகள். ஒன்றில் எண்ணெய், மற்ற முப்பத்தேழில் ஆட்கள். இரவில் விளக்கு அணைகிறது. எண்ணெய் எடுக்க வந்த மர்ஜானாவின் காலடி கேட்டு, ஜாடிக்குள்ளிருந்து ஒரு குரல், "நேரமாயிற்றா?" என்கிறது. மற்றொருத்தியாயின் அலறியிருப்பாள். இவளோ தலைவனின் இடத்தில் நின்று, "இன்னும் இல்லை" என்று ஒவ்வொரு ஜாடிக்கும் விடை சொல்லிக்கொண்டே போய், எண்ணெய் இருந்த ஜாடியைக் கண்டுபிடித்து, அதைக் கொப்பரையில் கொதிக்க வைத்து முப்பத்தேழு பேரின் கதையையும் முடிக்கிறாள். வீட்டுக்காரன் அலிபாபாவோ இத்தனைக்கும் நன்றாக உறங்கிக்கொண்டிருந்தான். பொழுது விடிந்து குளித்துவிட்டு வந்த பின்னரே அவனுக்குச் செய்தி தெரிகிறது.

ஐந்தாவதாக வந்ததே நாம் முதலில் சொன்ன உப்பு.

எள், கொழுப்பு, சுண்ணம், எண்ணெய், உப்பு. இவ்வைந்துக்கு முன்னால் நாற்பது வாள்களும் தோற்றன. பெரிய ஆயத்தங்கள் சிறிய பொருள்களிடம் தோற்பதைக் காண்பதில் எழும் சிரிப்பே இக்கதையின் சிரிப்பு. திருடர் தலைவன் இறுதிவரை தன் பகைவன் அலிபாபா என்றே நம்பிக்கொண்டிருந்தான். தன் ஒவ்வொரு சூழ்ச்சியையும் முறியடித்தவள் பாத்திரம் கழுவும் ஓர் அடிமைப் பெண் என்பது, அவள் குத்துவாளுடன் ஆடி வந்து தன் மார்பில் பாய்ச்சும் வரை அவனுக்குத் தெரியாது. அவன் அவளை ஒருபோதும் பொருட்படுத்தவே இல்லை.

மர்ஜான் என்ற சொல்லை நாம் அர்ரஹ்மான் அத்தியாயத்தில் முத்தோடு சேர்த்து ஓதுகிறோம்; பவளம் என்று பொருள் சொல்வார்கள். அப்பெயர் தாங்கிய பெண்ணே மர்ஜானா.

பக்தாதின் பழைய திருடர்கள்

திருடனை வைத்துச் சிரிக்கும் வழக்கம் அரபு இலக்கியத்துக்குப் புதிதன்று. அப்பாசியர் கால பக்தாதில் 'அய்யாரூன்' எனப்பட்ட கூட்டத்தார் இருந்தனர். ஆட்சி தளர்ந்தபோதெல்லாம் அங்காடிகளில் வரி தண்டும் அளவுக்கு அவர்கள் கை ஓங்கியது. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் அத்தகைய தலைவர்களுள் 'ஸைபக்' என்ற பெயருடைய ஒருவன் இருந்ததை வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் குறிக்கிறார். ஸைபக் என்றால் பாதரசம். கையில் பிடிபடாதவன் என்று பொருள்படும் இப்பெயரைச் சுற்றிப் பின்னாளில் பெரியதொரு மக்கள் கதை வளர்ந்தது. எகிப்தில் வழங்கிய அலீ ஸைபக் கதையில் அவன் தன் தந்தையைக் கொன்ற அதிகாரியைப் பழிவாங்கப் புறப்படுகிறான். அந்தப் பழிவாங்கலும் வேடமாற்றமும் தந்திரமும் நிறைந்த சிரிப்புக் கதையே. ஆயிரத்தொரு இரவுகளில் வரும் தந்திரக்காரி தலீலாவும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவளே.

எனவே பழிவாங்கும் திருடன், அவனை வெல்லும் தந்திரம், இடையே எழும் சிரிப்பு ஆகிய மூன்றும் அரபு நகரங்களின் கஹ்வாக் கடைகளில் கதை கேட்டவர்களுக்கு நெடுநாள் பழக்கம். ஆயினும் அலிபாபா கதை மட்டும் எந்தப் பழைய அரபு ஏட்டிலும் காணப்படவில்லை என்றால் வாசகர்கள் வியப்படையக் கூடும்.

கதை சொன்னவர் யார்?

ஆயிரத்தொரு இரவுகள் அரபு மொழியில் முதன்முதலாக அச்சேறியது நம் நாட்டில்தான். 1814 முதல் 1818 வரை கல்கத்தாவில் இரு தொகுதிகள் வெளிவந்தன. 1835இல் கெய்ரோவின் பூலாக் அச்சகப் பதிப்பும், 1839 முதல் 1842 வரை கல்கத்தாவின் இரண்டாம் பதிப்பும் தொடர்ந்தன. இம்மூன்றிலும் அலிபாபா இல்லை!

அது முதலில் அச்சில் தோன்றியது பிரெஞ்சு மொழியில். அந்துவான் கலான் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1704 முதல் இரவுகளை மொழிபெயர்த்து வெளியிட்டு வந்தார். அவர் கையிலிருந்த ஏடு முந்நூறு இரவுகளுக்குள்ளேயே நின்றுவிட்டது. வாசகர்களோ மேலும் கேட்டார்கள். இந்நிலையில் 1709 மார்ச் மாதம் பாரிசில் ஓர் இளைஞரைச் சந்தித்தார். அவர் பெயர் ஹன்னா தியாப். சிரியாவின் ஹலப் நகரத்து மரோனியக் கிறிஸ்தவர். பால் லூக்கா என்ற பிரெஞ்சுப் பயணிக்கு மொழிபெயர்ப்பாளராகப் பாரிசுக்கு வந்தவர்.

அந்த வசந்த காலத்தில் ஹன்னா ஒவ்வொரு கதையாகச் சொன்னார். மொத்தம் பதினாறு கதைகள். கலான் அவற்றைத் தம் நாட்குறிப்பில் சுருக்கமாக எழுதி வைத்தார். அவற்றுள் பத்துக் கதைகள் பின்னர் நூலில் இடம்பெற்றன. அலாவுத்தீனும் அற்புத விளக்கும் அவற்றுள் ஒன்று, அலிபாபா மற்றொன்று. கலான் 1715இல் காலமானார். அலிபாபா அடங்கிய தொகுதி 1717இல் வெளிவந்தது. நூலின் எந்தப் பக்கத்திலும் ஹன்னாவின் பெயர் இல்லை. நாட்குறிப்பு மட்டும் இல்லாதிருந்தால் அப்பெயரே நமக்குத் தெரிந்திராது.

ஹன்னா என்னவானார்? பாரிசில் அரச நூலகத்தில் ஒரு பணி கிடைக்கும் என்று லூக்கா அவருக்கு ஆசை காட்டியிருந்தார். வெர்சாய் அரண்மனையில் பதினான்காம் லூயி மன்னர் முன்னிலையில் நிற்கும் வாய்ப்பும் கிடைத்தது. நூலகப் பணிதான் கிடைக்கவில்லை. ஹலப் திரும்பித் துணி வணிகரானார். முதுமையில், 1763-64 காலத்தில், தம் பயணத்தை அரபு மொழியில் எழுதி வைத்தார். இரவுகள் நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவருக்குத் தாம் கதைகள் சொன்னதையும், அவர் அதனால் மிக மகிழ்ந்ததையும் அதில் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். அக்கதைகள் ஐரோப்பாவில் பெற்ற புகழை அவர் அறிந்ததற்கான அடையாளம் அந்த எழுத்தில் இல்லை.

அந்த ஏடும் முதற்பக்கங்களை இழந்து, எழுதியவர் பெயரின்றி வத்திக்கான் நூலகத்தில் கிடந்தது. அதை எழுதியவர் ஹன்னாவே என்பது இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் உறுதியாயிற்று. 2015இல் பிரெஞ்சிலும், 2021இல் ஆங்கிலத்திலும் அது மொழிபெயர்ப்பாக வந்தது. இடையில் 1910இல் அலிபாபாவின் அரபு மூலம் கிடைத்துவிட்டதாக ஒரு பேரறிஞர் அறிவித்தார். அது கலானின் பிரெஞ்சிலிருந்து அரபுக்குத் திரும்பப் பெயர்க்கப்பட்டதே என்று பின்னர் தெளிவாயிற்று. களவைப் பற்றிய கதைக்கு உரியவரைத் தேடி உலகம் முந்நூறு ஆண்டுகள் குகை வாசலில் நின்றிருக்கிறது எனலாம்.

மாறிப்போன தலைப்பு

இங்கே நாம் நின்று நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1709 மே 27ஆம் நாள் கலானின் நாட்குறிப்பில் இக்கதைக்கு இடப்பட்ட தலைப்பில் அலிபாபாவின் பெயரே இல்லை. 'மர்ஜானாவின் சாதுரியங்கள்' என்றும், ஓர் அடிமைப் பெண்ணின் திறமையால் நாற்பது திருடர் அழிந்த கதை என்றும் பொருள்படுமாறே அத்தலைப்பு அமைந்திருந்தது. அச்சேறியபோது அது அலிபாபாவின் கதையாக மாறியது. நாட்குறிப்பில் வீட்டுக்காரனின் பெயர்கூட 'கோஜா பாபா' என்றே இருந்தது. நாம் இன்று தலைப்பில் காணும் பெயர் அச்சுக்காகப் பின்னால் வந்து அமர்ந்தது.

உறங்கியவன் தலைப்பில் ஏறினான். விழித்திருந்தவள் இறங்கிப் போனாள். கதை சொன்னவரின் பெயர் மறைந்தது. எழுதியவரின் பெயர் நின்றது. அட்டையைப் படித்து அறியும் நமக்கு இவ்விரு இழப்புகளும் தெரியாமலே போயின. பழிவாங்க வந்த திருடனும் நம்மைப் போலத்தான் தலைப்பைப் படித்து ஏமாந்தான். வீட்டுக்காரனே பகைவன் என்று எண்ணி அடுக்களையைப் பார்க்கத் தவறினான்.

மேடையும் திரையும்

அச்சிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து திரைக்கும் இக்கதை விரைந்து சென்றது. 1902இலேயே பிரான்சின் பாத்தே நிறுவனம் இதைப் படமாக்கியது. கல்கத்தாவில் க்ஷீரோத் பிரசாத் எழுதிய 'அலிபாபா' வங்க நாடகம் பெரும் புகழ் பெற்றது. ஹீராலால் சென் அதனை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே படப்பெட்டிக்குள் பிடித்தார். அந்நாடகத்தில் மர்ஜினாவின் ஆடலே மக்களை இழுத்தது. வங்காளத்தார் அளவில் அவள் தன் இடத்தைச் சற்றே மீட்டுக்கொண்டாள்.

லண்டனில் 1916இல் தொடங்கிய 'சூ சின் சௌ' என்ற இசை நாடகம் இக்கதையையே தழுவியது. வணிகன் வேடத்தில் வரும் திருடர் தலைவனின் பொய்ப் பெயரே அதற்குத் தலைப்பு. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது விடுமுறையில் வந்த போர்வீரர்கள் அதைக் காணத் திரண்டனர். ஐந்தாண்டுகளில் 2,238 முறை அது நடிக்கப்பட்டது. அந்நாளில் எந்த இசை நாடகமும் எட்டாத எண்ணிக்கை. 1944இல் வந்த ஹாலிவுட் படமோ கதையைத் தலைகீழாக்கியது. அதில் அலிபாபா கலீஃபாவின் மகன். ஹுலாகுவின் மங்கோலியர் தந்தையைக் கொன்றுவிட, திருடர்களிடம் வளர்ந்து, திருடனாகவே நின்று பழிவாங்குகிறான். 1258இல் பக்தாத் வீழ்ந்த பெருந்துயரம் ஒரு பொழுதுபோக்குப் படத்தின் பின்திரையாயிற்று.

1956இன் தமிழ்ப் படத்தைப் பற்றியும் ஒரு சொல். தமிழில் முதன்முதலாக முழுநீள வண்ணப்படம் என்ற பெருமை அதற்குண்டு. டி. ஆர். சுந்தரம் இயக்கிய அப்படத்தில் அலிபாபாவின் அண்ணன் காசிமாக எம். ஜி. ஆரின் உடன்பிறந்த அண்ணன் எம். ஜி. சக்கரபாணி நடித்தார். மர்ஜியானாவாக நடித்தவர் பி. பானுமதி. அங்கேயும் அவள் காதலியானாள், கதை கதாநாயகனுடையதாயிற்று.

மலாயாவுக்கு இக்கதை சென்ற வழியிலும் இந்தியத் தொடர்பு உண்டு. பார்சி நாடகக் குழுக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கில் வந்து நடித்தன. அவற்றைப் பார்த்து எழுந்ததே 'பங்சாவான்' என்னும் மலாய் நாடக மரபு. அத்தகைய முதற்குழுவை 1885இல் பினாங்கில் அமைத்தவர் மாமாக் பூஷி. 'மாமாக்' என்பது மலாய் மக்கள் இந்திய முஸ்லிம்களை, சிறப்பாக நம் தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் சொல். நம் 'மாமா'வே அவர்கள் வாயில் அவ்வாறு ஆயிற்று என்பர். அரபு நாட்டுக் கதைகளைப் பங்சாவான் மேடைகள் விரும்பி நடித்தன. மலாய்த் திரைப்படத்தின் தொடக்க கால இயக்குநர்களிலும் இந்தியர் பலர். ரம்லியைக் கண்டெடுத்துத் திரைக்கு அழைத்து வந்தவர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ். 1950இல் 'பக்தி' என்ற மலாய்ப் படத்தில் ரம்லியைக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன்.

ரம்லியின் முடிவு

1929இல் பினாங்கில் ஓர் அச்சே நாட்டவரின் மகனாகப் பிறந்த ரம்லி, சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் தெருவிலிருந்த ஷா சகோதரர்களின் படப்பிடிப்புக் கூடத்தில் பின்னணிப் பாடகராகத் தொடங்கி, நடிகராகவும் இசையமைப்பாளராகவும் இயக்குநராகவும் உயர்ந்தார். அவர் படங்கள் மலாய், சீனர், தமிழர் என்ற வேறுபாடின்றி அனைவரையும் சிரிக்க வைத்தன.

1964இல் அவர் கோலாலம்பூருக்குச் சென்றார். அங்கே எடுத்த படங்கள் பழைய வரவேற்பைப் பெறவில்லை. ஜாலான் அம்பாஸ் கூடம் 1967இல் மூடப்பட்டது. கேட்பாரற்ற நிலையில், 1973 மே 29ஆம் நாள், 44 வயதில் ரம்லி காலமானார். அதன் பின்னரே நாடு விழித்தது. கோலாலம்பூரின் முக்கியத் தெரு ஒன்றுக்கு அவர் பெயர் இடப்பட்டது. அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாயிற்று. 1990இல் 'தான் ஸ்ரீ' விருது அளிக்கப்பட்டது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

ஹன்னா தியாபுக்குப் பெயர் கிடைக்க முந்நூறு ஆண்டுகள் ஆயின. ரம்லிக்குப் பதினேழு ஆண்டுகள். உரியதை உரியவருக்கு உரிய காலத்தில் அளிப்பது மக்களுக்கு எளிதாக வருவதில்லை போலும்.

உரியவர் யார்?

இக்கதையைப் பற்றி நம் பெரியவர்கள் சிலர் எழுப்பும் ஒரு கேள்வியோடு முடிக்கிறோம். அலிபாபா எடுத்ததும் களவுதானே? குகையிலிருந்த பொருள் திருடர்களுடையதன்று, அலிபாபாவுடையதும் அன்று. களவுப் பொருள் எத்தனை கை மாறினாலும் அது பறிகொடுத்தவனுக்கே சொந்தம் என்பது நம் மார்க்கச் சட்டம் அறிந்தோர் அனைவரும் சொல்வது. பறிகொடுத்த வணிகர்கள் யார், அவர்கள் குடும்பங்கள் என்னவாயின என்று கதை ஓரிடத்திலும் கேட்பதில்லை. சிரிப்புக் கதையாக இருப்பதால் நாமும் கேட்காமல் விட்டுவிடுகிறோம். ரம்லி திருடர் தலைவனை ஏற்று நடித்தபோது, "என் பொருளைத் திருடிவிட்டார்கள்" என்று திருடன் கொதிக்கும் நகைமுரணையே தம் முதலாகக் கொண்டார். அந்தச் சிரிப்புக்குள் இக்கேள்வியும் அடங்கித்தான் கிடக்கிறது.

பொருளை உரியவரிடம் சேர்ப்பது கதைக்குள் நடக்கவில்லை. பெயரையேனும் உரியவரிடம் சேர்ப்பது நம் கையில் உள்ளது. இனி வீட்டில் பிள்ளைகள் அலிபாபா கதை சொல்லச் சொன்னால், 'மர்ஜானாவின் கதை' என்று தொடங்குவோம். ஹலப் நகரத்து ஹன்னா என்பவர் சொன்னது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வோம். உப்பை மறுத்த திருடன்கூட ஒரு கடப்பாட்டுக்கு அஞ்சினான். மூன்று நூற்றாண்டுகளாக இக்கதையின் உப்பைத் தின்று வரும் நாம் அவ்வளவேனும் செய்யக் கடமைப்பட்டவர்கள்.